வீல் ஸ்பேசரும் நீள ஸ்டட்டும்: ஒரு பெயின்ட் கோட்டின் கதை

இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு



நம் ஹாஸ்டலில் மாதத்துக்கு ஒருத்தராவது என் அறைக் கதவைத் தட்டி, "எங்க வீட்டு வண்டிக்கு ஸ்பேசர் போடலாமாடா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. ஆசைப்பட்டு அலாய் வீல் வாங்கி விடுகிறார்கள். மாட்டிப் பார்த்தால் டயரின் உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் போய் உரசுகிறது. கடைக்காரர் "ஸ்பேசர் போட்டுக்கோ தம்பி, சரியாப் போயிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இந்த ஆண்டு மலரிலேயே எழுதி விடுகிறேன். இதைப் பற்றிப் பேச எனக்கு ஏதாவது தகுதி இருக்கிறதென்றால், அது நானே ஒரு தப்பைப் பண்ணிவிட்டு, பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததால் வந்த தகுதிதான். அந்தத் தப்பையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சிவில், கம்ப்யூட்டர் நண்பர்களும் மலரைப் படிப்பார்கள் என்பதால் ஒரு சின்ன விளக்கம். ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கிற வட்டமான உலோகத் தட்டு. வீலை அதன் தடிமன் அளவுக்கு வெளியே தள்ளும். ஸ்டட் என்பது ஹப்பில் நிரந்தரமாக அழுத்திப் பொருத்தப்பட்ட மரைக் கம்பி. ஒர்க்‌ஷாப்பில் இதை வீல் போல்ட் என்றே சொல்லுவாங்க. அதன் மேல்தான் வீல் நட்டு ஏறுகிறது. பழைய பியட் மாதிரி சில வண்டிகளில் ஸ்டட்டே கிடையாது. போல்ட்டை வெளியிலிருந்து ஹப்புக்குள் முறுக்குவார்கள். நம் மாருதி, மகேந்திரா எல்லாம் ஸ்டட் வகை.

இரண்டாம் ஆண்டு வைவாவில் எக்ஸ்டர்னல் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "வண்டியோட எடையை ஸ்டட் எப்படித் தாங்குது? ஷியரிலா, டென்ஷனிலா?" நான் யோசிக்கவே இல்லை. "ஷியர் சார்" என்றேன். வீல் ஸ்டட்டில் தொங்குகிறது, ஆகவே எடை ஸ்டட்டை வெட்டப் பார்க்கிறது, இதில் என்ன சந்தேகம்? அவர் சிரித்துக்கொண்டே மார்க் போட்டார். எத்தனை போட்டார் என்று கேட்காதீர்கள். வெளியே வந்து விசாரித்தால் எங்கள் பேட்ச் முழுக்க அதே பதிலைத்தான் சொல்லியிருந்தது. அந்தத் தப்புப் பதில் ஒன்றரை வருஷம் என் தலையிலேயே உட்கார்ந்திருந்து, ஒருநாள் கொடைக்கானல் மலைப் பாதையில் வேலையைக் காட்டியது.

என் தாய்மாமாவிடம் 2004 மாடல் மாருதி 800 ஒன்று இருக்கிறது. 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து, 2014-ல் தயாரிப்பு நின்றுபோன அந்த மாடலை இன்றைக்கும் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். மாமா எங்கோ ஒரு பழைய 13 இன்ச் அலாய் செட் பிடித்து வந்தார். ஓட்டைகள் சரியாக உட்கார்ந்தன. நான்கு ஓட்டை, 114.3 மி.மீ. பி.சி.டி. ஆனால் முன்பக்க டயர் உள்ளே உரசியது. "மாப்ள, நீ ஆட்டோமொபைல் படிக்கிறேல்ல? இதைப் பாரேன்" என்றார். இதைவிட ஒரு கௌரவம் வேண்டுமா!

ஸ்கேல் வைத்து அளந்ததில் 10 மி.மீ. வெளியே தள்ளினால் போதும் என்று தெரிந்தது. நான் 15 என்று முடிவு செய்தேன். பத்து தேவைக்கு, ஐந்து அழகுக்கு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்பேசர் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதில்தான் இருக்கிறது. புது வீலின் ஆஃப்செட் பழைய வீலைவிட 10 மி.மீ. உள்ளே இருந்து, 10 மி.மீ. ஸ்பேசர் அதைச் சரிக்கட்டினால், டயரின் நடுக்கோடு கம்பெனி வைத்த இடத்துக்கே திரும்புகிறது. பேரிங்குக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் தள்ளும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பேரிங் மீது கூடுதல் நெம்புகோல். ஒரு முன்சக்கரத்தில் 250 கிலோ எடை என்றால், 15 மி.மீ. கூடுதலாகத் தள்ளினால் 3.75 கிலோ-மீட்டர் திருப்புவிசை எப்போதும் அதன் மேல் இருந்துகொண்டே இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் இது பல மடங்கு.

முன்சக்கரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டியரிங் திரும்பும் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்று படித்திருக்கிறோம். 1972-ல் வந்த ஆடி 80 காரில் இதை வேண்டுமென்றே நெகட்டிவாக வைத்தார்கள். பிரேக் குறுக்குவாட்டில் இரண்டு சர்க்யூட்டாகப் பிரிந்திருக்கும் வண்டியில் ஒரு சர்க்யூட் போய்விட்டால் ஒரு பக்க முன்சக்கரம் மட்டும்தான் பிடிக்கும். அப்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்காமல் ஸ்டியரிங் தானே எதிர்ப்பக்கம் திரும்பிச் சரிசெய்து கொள்ளும். அப்படி வடிவமைத்த வண்டிக்கு அழகுக்காக 20 மி.மீ. ஸ்பேசர் போட்டால், நெகட்டிவ் என்பது பாசிட்டிவ் ஆகிவிடலாம். இன்ஜினியர் யோசித்து வைத்ததை நாம் ஐந்நூறு ரூபாய்த் தட்டு ஒன்றால் அழித்துவிடுகிறோம்.

சரி, மாமா வண்டிக்கு வருவோம். தெரிந்த லேத் பட்டறையில் அலுமினிய ராடில் இரண்டு தட்டு கடைந்து வாங்கினேன். பட்டறைக்காரர் முதலில் பழைய பிஸ்டன் உருக்கி வார்த்த கட்டி ஒன்றைக் காட்டி, "இது பாதி ரேட்டு" என்றார். வேண்டாம் என்றேன். அதில் உள்ளே எத்தனை காற்றுக்குமிழி என்று யாருக்குத் தெரியும்? ஓட்டை மார்க் பண்ணுவது இன்ஜினியரிங் டிராயிங்தான். 114.3 மி.மீ. வட்டத்தில் நாலு ஓட்டை என்றால் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 80.8 மி.மீ. (வட்டத்தின் விட்டத்தை சைன் 45-ஆல் பெருக்குங்கள்). அரை மி.மீ. தப்பினாலும் ஸ்டட் வளைந்து உட்காரும். நடு ஓட்டை ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் வட்டத்தின் மேல் இறுக்கமாக உட்காரும்படி கடையச் சொன்னேன். தட்டு நடுவில் உட்காராவிட்டால் எவ்வளவு வீல் பேலன்ஸ் செய்தாலும் ஸ்டியரிங் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்து ஸ்டட். பழைய ஸ்டட்டிலேயே தட்டை மாட்டி, வீலை வைத்து நட்டைப் போட்டு விரலால் சுற்றிச் சுற்றி எண்ணினேன். எம் 12 ஸ்டட், மரைக்கு மரை தூரம் 1.25 மி.மீ. ஸ்பேசர் இல்லாமல் பதினாறு சுற்று ஏறியது. ஸ்பேசரோடு ஐந்து சுற்றுகூட முழுசாக இல்லை. 15 மி.மீ.யை 1.25-ஆல் வகுத்தால் 12 சுற்று போய்விடும் என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

மாமா பக்கத்தில் நின்றுகொண்டு, "நட்டு ஏறுதுல்ல? அப்புறம் என்னடா?" என்றார்.

இந்த ஒரு வரியால்தான் நம் ஊரில் நிறைய வீல்கள் கழன்று ஓடுகின்றன. மரை குறைந்தபட்சம் ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது உள்ளே போக வேண்டும் என்பது ஒர்க்‌ஷாப் விதி. எம் 12 என்றால் 12 மி.மீ. 1.25 பிட்ச்சில் அது கிட்டத்தட்ட பத்துச் சுற்று. 1.5 பிட்ச் என்றால் எட்டு. ஐந்து சுற்றில் நட்டு இறுகத்தான் செய்யும், ஸ்பேனரும் டக்கென்று நிற்கும். ஆனால் அந்த ஐந்து மரையே மொத்தச் சுமையும் வாங்கி, ஒருநாள் மொத்தமாக உரிந்து வந்துவிடும். ஆகவே சுற்றை எண்ணாமல் யாரும் ஸ்பேசர் மாட்டாதீர்கள். எண்ணுவதற்குக் காசு ஒன்றும் ஆகாது.

அதனால் 15 மி.மீ. நீளம் கூடிய ஸ்டட் வாங்கினேன். நீளத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஸ்டட்டின் கழுத்தில் பல் பல்லாக ஒரு பகுதி இருக்கும். அதுதான் ஹப் ஓட்டையில் கடித்து உட்கார்ந்து, ஸ்டட் சுற்றாமல் பிடிக்கிறது. பழைய ஸ்டட்டின் பல் பகுதியையும் புதியதையும் வெர்னியரில் அளந்து ஒத்துப் பாருங்கள். சின்னதாக இருந்தால் நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றும். ரொம்பப் பெரிதாக இருந்தால் ஹப் விரிசல் விடும். தலையில் 10.9 என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 10.9 என்றால் இழுவலிமை 1000 நியூட்டன்/ச.மி.மீ., அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்று பொருள். நம் ஐ.எஸ். 1367-லும் இதே முறைதான்.

பழைய ஸ்டட்டை பின்னால் தட்டி வெளியே எடுத்து, புதியதைப் பின்பக்கமிருந்து நுழைத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தினேன். பிரஸ் இல்லாதவர்கள் நட்டு போட்டு இழுப்பார்கள். அப்படிச் செய்தால் கிரீஸ் தடவிய வாஷர்களை அடுக்கி, அதன்மேல் பழைய நட்டு ஒன்றைத் தட்டைப் பக்கம் கீழாக வைத்துக் கையாலேயே இழுங்கள். நியூமாட்டிக் கன் வைத்து இழுத்தால் ஸ்டட் வண்டியில் ஏறும் முன்பே நீண்டுவிடும். இழுத்த நட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஸ்டட்டின் தலை ஹப்பின் முதுகில் ஒட்டி உட்கார்ந்ததா என்று 0.05 ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். சில பட்டறைகளில் தலையை ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிடுவாங்க. ஹீட் ட்ரீட்மென்ட் செய்த ஸ்டீலில் வெல்டிங் வைத்தால் பக்கத்தில் கண்ணாடி மாதிரி உடையும் இடம் ஒன்று உருவாகிவிடும். அந்த வேலைக்கு நில்லுங்கள் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

இவ்வளவும் சரியாகத்தான் செய்தேன். பிறகுதான் கை அரித்தது. அலாயின் ஆரங்களுக்கு நடுவே அலுமினியத் தட்டு வெள்ளையாகத் தெரிந்து அசிங்கமாக இருக்கிறதே என்று, கறுப்பு ஸ்ப்ரே டப்பா வாங்கி வந்து அடித்தேன். விளிம்பில் மட்டும் அல்ல, இரண்டு முகத்திலும் இரண்டிரண்டு கோட். துருப் பிடிக்காது பாருங்கள்! அலுமினியம் எங்கே துருப் பிடிக்கிறது என்று அப்போது தோன்றவில்லை. காய்ந்ததும் மாட்டி, நட்டுகளை எதிர் எதிராக இறுக்கினேன். மாமா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தெருவில் நாலு பேர் விசாரித்தார்கள்.

2023 மே மாதம், லீவில், அதிகாலையில் திண்டுக்கல்லில் இருந்து கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். மாமா, அத்தை, அவர்களின் ஐந்து வயது மகள், என் அம்மா, நான். ஸ்பேசரோ ஸ்டட்டோ மாற்றினால் 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன். மேலே போய்ச் சேர்ந்தபோது ஏறக்குறைய 95 கி.மீ. ஆகியிருந்தது. ஆனால் ஸ்பேனர் டிக்கியில் அத்தையின் சாப்பாட்டுக் கூடைக்கு அடியில் இருந்தது. "எல்லாத்தையும் இறக்கணுமே" என்று விட்டுவிட்டேன். இதற்கு மேல் நான் ஒன்றும் சமாதானம் சொல்லப் போவதில்லை.

இறங்கும்போது பெருமாள்மலை தாண்டியதும் அத்தைதான் முதலில் சொன்னார். "என்னங்க, முன்னாடி ஏதோ டக்கு டக்குன்னு சத்தம் வருது." மாமா "ரோடு அப்படி" என்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். எனக்கும் கேட்டது. ஏதாவது கல் டயரில் மாட்டியிருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படி இருக்கட்டும் என்று விரும்பினேன். வளைவுக்கு வளைவு பிரேக். டம்டம் பாறை நெருங்கும்போது ஸ்டியரிங் கையில் நடுங்க ஆரம்பித்து, மாமாவே பயந்து ஓரம் கட்டினார். இறங்கிப் பார்த்தேன். இடது முன்வீலில் நாலு நட்டில் இரண்டு இல்லை. ஸ்டட் முறிந்து நட்டோடு எங்கோ போய்விட்டது. மீதி இரண்டு நட்டும் விரலால் சுற்ற வந்தன. ரோட்டோரக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. குழந்தை அத்தையின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

வலது வீலைப் பார்த்தேன். முறியவில்லை. ஆனால் நாலு நட்டும் அரைச் சுற்று தளர்ந்திருந்தன. ஸ்பேசர் போடாத பின்வீல் இரண்டும் கல் மாதிரி இறுக்கமாக இருந்தன.

எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு நானும் மாமாவும் காத்திருந்தோம். வத்தலக்குண்டில் இருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் டி.வி.எஸ். 50-ல் வந்தார். வீலைக் கழற்றி, ஸ்பேசரை எடுத்து, முகத்தில் கட்டை விரல் நகத்தால் ஒரு கீறு கீறினார். கறுப்பு உரிந்து வந்தது. ஓட்டைகளைச் சுற்றிப் பெயின்ட் இளகி, பிதுங்கி, விளிம்பில் கட்டியாக நின்றிருந்தது.

"யாரு தம்பி இதுக்குப் பெயின்ட் அடிச்சது?"

"நான்தாண்ணே."

"நீங்க வீலை இறுக்கல தம்பி. பெயின்ட்டைத்தான் இறுக்கி வச்சிருந்திருக்கீங்க."

அவர் எந்தப் பாலிடெக்னிக்கிலும் படித்தவர் இல்லை.

காலேஜ் திறந்ததும் முறிந்த ஸ்டட்டையும் ஸ்பேசரையும் எங்கள் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். போர்டுப் பக்கம் திரும்பி, "கணக்குப் போடு" என்றார். அன்று போட்ட கணக்கை அப்படியே இங்கே தருகிறேன். இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர், தாண்டிப் போய்விடாதீர்கள்.

நட்டை 90 நியூட்டன்-மீட்டர் முறுக்கு கொடுத்து இறுக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். (இது கணக்குக்காக. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள்.) முறுக்கு விசை என்பது கே, விட்டம், இழுவிசை மூன்றின் பெருக்கல். உலர்ந்த மரைக்கு கே சுமார் 0.2. விட்டம் 0.012 மீட்டர். அப்படியானால் இழுவிசை 37,500 நியூட்டன். அதாவது ஒரு ஸ்டட் கிட்டத்தட்ட 3.8 டன் விசையோடு வீலை ஹப்பின் மேல் அழுத்துகிறது. நாலு ஸ்டட்டும் சேர்ந்தால் 15 டன்! 650 கிலோ வண்டியின் ஒரு வீலை 15 டன் அழுத்திப் பிடிக்கிறது. இரண்டு முகங்களுக்கும் நடுவில் உராய்வுக் கெழு 0.15 என்று எடுத்தாலும் 22,500 நியூட்டன் வரை வீல் ஹப்பின் மேல் நழுவாது.

இனி எவ்வளவு தேவை என்று பாருங்கள். சக்கரத்தின் மேல் 250 கிலோ, ரோட்டில் டயரின் பிடிமானம் 0.8 என்றால், முழு பிரேக்கில் டயரின் அடியில் சுமார் 1,960 நியூட்டன் விசை. 155/65 ஆர் 13 டயரின் ஆரம் 0.266 மீட்டர். ஆகவே திருப்புவிசை 520 நியூட்டன்-மீட்டருக்குப் பக்கம். இதை ஸ்டட் வட்டத்தின் ஆரமான 0.057 மீட்டரால் வகுத்தால் 9,100 நியூட்டன் வருகிறது. கையில் 22,500 இருக்கிறது, தேவை 9,100. உராய்வே எல்லாவற்றையும் தாங்கிவிடுகிறது. ஸ்டட்டுக்கு ஷியரே இல்லை! வைவாவில் நான் சொன்னது எவ்வளவு தப்பு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஸ்டட்டின் வேலை வீலைத் தொங்கவிடுவது அல்ல, இழுத்துப் பிடிப்பது. அது ஒரு ஸ்ப்ரிங்.

அந்த ஸ்ப்ரிங் எவ்வளவு நீள்கிறது? விசை 37,500. ஹப் முகத்தில் இருந்து நட்டு உட்காரும் இடம் வரை நீளம் 24 மி.மீ. (ஸ்பேசர் 15, அலாய் 9). மரையின் பரப்பு 92 ச.மி.மீ. ஸ்டீலின் யங்ஸ் மாடுலஸ் 2,05,000. பெருக்கி வகுத்தால் 0.05 மி.மீ. அவ்வளவுதான். ஒரு தலைமுடி சுமார் 0.07 மி.மீ. இருக்கும். தலைமுடியைவிடக் கம்மியான நீட்சியில்தான் நம் குடும்பம் மலையிறங்குகிறது.

அந்த 0.05-ல் 0.03 போய்விட்டால் இழுவிசை 40 சதவீதமாகிறது. உராய்வு 9,000. தேவை 9,100. வீல் நழுவ ஆரம்பிக்கிறது.

பிறகு சார் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தார். ஸ்பேசரில் நசுங்காமல் இருந்த இடத்தை அளந்தேன். பெயின்ட்டோடு 15.11. சுரண்டிவிட்டு அளந்தால் 15.02. இரண்டு முகத்துப் பெயின்ட்டும் சேர்ந்து 0.09 மி.மீ. ஸ்டட்டின் மொத்த நீட்சியைவிடப் பெயின்ட் தடிமன்! மலை இறக்கத்தில் பிரேக் சூடு ஹப்புக்கு ஏறி, பெயின்ட் இளகி, மூன்றில் ஒரு பங்கு பிதுங்கினாலே போதும், கதை முடிந்தது. நட்டு தானாகக் கழன்றதாகத்தான் நாம் எல்லோரும் நினைப்போம். முதலில் நட்டு நகரவே இல்லை. அதன் அடியில் இருந்த பொருள்தான் மெலிந்தது.

நழுவ ஆரம்பித்த பிறகுதான் ஸ்டட் வளைகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை. அந்த டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 600 சுற்று சுற்றும். அத்தை சத்தம் கேட்டதிலிருந்து 20 கி.மீ. ஓட்டியிருப்போம். 12,000 தடவை. முறிந்த முகத்தைப் பார்த்தால் பாடப் புத்தகப் படம் மாதிரியே இருக்கிறது. ஒரு ஓரத்திலிருந்து வழவழப்பாகப் பிறை வடிவில் கோடு கோடாக வந்து, கடைசியில் கொஞ்ச இடம் மட்டும் சொரசொரவென்று. வழவழப்பு, விரிசல் மெல்ல நடந்து வந்த பாதை. சொரசொரப்பு, கடைசி நொடி. இது ஃபெட்டீக் முறிவு. மெட்டீரியல் லேபில் வைத்திருக்கிறேன், போய்ப் பாருங்கள்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னும் சில விஷயங்கள் தானாக வந்து விழுகின்றன. நீள ஸ்டட் பலவீனமானது என்று பலர் சொல்லுவாங்க. உண்மை தலைகீழ். ஸ்பேசர் இல்லாமல் 9 மி.மீ. நீளம் என்றால் நீட்சி 0.02 மி.மீ. தான். நீளம் கூடக்கூட ஸ்ப்ரிங் மென்மையாகிறது, தட்டு கொஞ்சம் அமுங்கினாலும் பிடியை விடாது. (இரும்பு வீலில் நட்டு உட்காரும் இடம் கொஞ்சம் குவிந்திருப்பதால் அதுவே ஒரு ஸ்ப்ரிங் வாஷர் மாதிரி உதவுகிறது.) முகங்கள் சுத்தமாக, பெயின்ட், துரு, கிரீஸ் எதுவும் இல்லாமல் இருந்தால் நீள ஸ்டட்டோடு போட்ட ஸ்பேசர் பயப்பட வேண்டிய பொருளே அல்ல. போர்ஷே கம்பெனியே 5 மி.மீ. ஸ்பேசரை அதற்கேற்ற நீள போல்ட்டுகளோடு சேர்த்து விற்கிறது.

ஸ்டட்டில் எண்ணெய் விட்டு இறுக்கும் பழக்கத்தையும் இதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். எண்ணெய் பட்டால் கே 0.12-க்கு இறங்கலாம். அதே 90 முறுக்குக்கு இழுவிசை 62,500 ஆகிறது. உலர்ந்த மரையில் 408 நியூட்டன்/ச.மி.மீ. இருந்த தகைவு இப்போது 679. 10.9 ஸ்டட்டின் புரூஃப் அளவு 830. அதற்குமேல் நம்ம அண்ணன் ஸ்பேனர் மீது ஏறி நின்று ஒரு குதி குதித்தால் என்ன ஆகும்?

தட்டுக்குப் பதிலாக ஒவ்வொரு ஸ்டட்டிலும் நாலைந்து வாஷரைக் கோத்து வீலை வெளியே தள்ளுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே முகத்தோடு முகம் சேர்வதே இல்லை. ஸ்டட் உண்மையிலேயே வளைந்துகொண்டுதான் ஓடும். இரண்டு ஸ்பேசரை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதும் கூடாது. 25 மி.மீ. மாதிரி தடிமன் வேண்டுமென்றால் தனி ஸ்டட் பொருத்திய ஸ்பேசர் வகை இருக்கிறது. அது ஹப்பில் தன் நட்டுகளால் இறுகும், வீல் அதன் ஸ்டட்டுகளில் இறுகும். அதில் இறுக்கிப் பார்க்க வேண்டியது இரண்டு அடுக்கு. வீலைக் கழற்றாமல் உள் அடுக்கைத் தொட முடியாது என்பதால் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

ஜீப் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப்போர் காலத்து வில்லிஸ் ஜீப்பில் இடதுபக்க வீல் ஸ்டட்டுகள் இடமரை. அந்த வம்சத்தில் வந்த பழைய ஜீப்புகளிலும் இதைப் பார்க்கலாம். ஸ்டட்டின் நுனியில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்காமல், கழற்றுவதாக நினைத்து இறுக்கி இறுக்கி முறித்த ஆளை நானே பார்த்திருக்கிறேன். (அது வேறு ஆள், சத்தியமாக நான் இல்லை!)

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐயும் மனதில் வையுங்கள். பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்கள் கம்பெனி முதலில் கொடுத்ததிலிருந்து மாறிப்போகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்புக் கொடுத்தது. டயர் பாடியை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டுபோய் நிறுத்தி, ஆபீசரிடம் ஸ்க்ரப் ரேடியஸ் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மாமா வண்டி என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். முறிந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதாது. கூட இருந்த இரண்டும் அதே 12,000 தடவை வளைந்தவைதான். இடது ஹப்பில் நாலும் புதிது போட்டேன். ஸ்பேசரைச் சுரண்டி, முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி மாட்டித் தருகிறேன் என்றேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்க் கொல்லையில் கிடந்த பழைய இரும்பு வீல் நாலையும் உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார். அலாயை மாமா விற்றுவிட்டார்.

இரும்பு வீலை மாட்டும்போதும் ஒரு பொறி இருந்தது. ஸ்டட் இப்போது 15 மி.மீ. நீளம் அதிகம். மாமா புதிதாக வாங்கி வைத்திருந்த நட்டுகள் மூடி போட்டவை. ஸ்டட்டின் நுனி மூடியின் உள்ளே போய் முட்டிக்கொண்டு நிற்கும், ஸ்பேனரும் இறுகிவிட்ட மாதிரி நிற்கும். ஆனால் வீல் இறுகியிருக்காது. வீலைக் கையால் ஆட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பழைய திறந்த நட்டுகளையே தேடிப் பிடித்துப் போட்டேன்.

முன்பக்க ஸ்டட்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் வீல் கப் மட்டும் இன்றுவரை உட்காரவில்லை. "மாப்ள, அந்தக் கப்புக்கு ஒரு வழி பண்ணேன்" என்று மாமா ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஸ்டட்டின் நுனியை கிரைண்டரில் வெட்டிவிடச் சொல்கிறார். கம்பெனி அளவு ஸ்டட் எட்டு வாங்கி வைத்திருக்கிறேன். செமஸ்டர் லீவில் மாற்ற வேண்டும்.